பீஜி சொன்ன ‘தஸ்ஸ்’

2009 நவம்பரில் லூதியானாவில் போய் இறங்கினேன். திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அங்கே கம்பளி நூல், ஸ்வெட்டர், குளிர்காலச் சரக்கு என்று எல்லாமே புதிது. தங்க ஒரு வீட்டின் மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரரின் அம்மாவை அந்தத் தெருவே ‘பீஜி’ என்றுதான் கூப்பிடும். எழுபது வயது தாண்டியவர். முதல் நாள் ராத்திரியே கீழே வரச்சொல்லிச் சாப்பிட உட்கார வைத்தார். அடுப்பில் தவா காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கடுகுக்கீரைக் கடைசலும் ஒரு கட்டி வெண்ணெயும். மாவு உருண்டையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, “கின்னியாங் ரோட்டியாங்? தஸ்ஸ், புத்தர்” என்றார். எனக்குப் பஞ்சாபி தெரியாது. ஆனால் பள்ளி நாட்களில் பிராத்மிக்கில் தொடங்கி ராஷ்டிரபாஷா வரை இந்தித் தேர்வுகள் எழுதியவன். ‘தஸ்’ என்றால் பத்து என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை ரொட்டி, பத்தா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, “இல்லை பீஜி, மூன்று போதும்” என்றேன். மூன்று ரொட்டி வந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் அவருடைய மகன் பக்கத்தில் இருந்தார். “அம்மா பத்து என்று சொல்லவில்லை. ‘சொல்லு’ என்கிறார்” என்றார்.

பிறகு இரண்டு சொல்லையும் எனக்காக மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார். தஸ். தஸ்ஸ். முதலாவது பத்து, இரண்டாவது சொல்லு. உயிரெழுத்து ஒன்றுதான், மெய்யும் ஒன்றுதான். கடைசி ஸகரத்தில் நாக்கு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் மட்டும்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. தமிழ் பேசுகிறவனுக்கு மெய்யின் நீளம் புதிதே இல்லை. கனி வேறு, கன்னி வேறு. அமை வேறு, அம்மை வேறு. இதைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும் பீஜியின் ஸகரம் எனக்குக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நம் இரட்டை மெய் எப்போதும் சொல்லுக்கு நடுவில்தான் வரும். சொல்லின் முடிவில் மெய்யை இரட்டித்து நிறுத்தும் வழக்கம் தமிழில் கிடையாது. என் காது அந்த இடத்தில் காவலுக்கு ஆளே போடவில்லை. இது அன்றைக்கே மனதில் தைத்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எடுக்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் ‘புத்தர்’. போதி மரத்தடிப் புத்தர் இல்லை. ‘புத்தி’யில் வரும் புகரம் இல்லாமல் ‘புளி’யில் வரும் புகரத்தைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். மகனே என்று அர்த்தம். ஊர் விட்டு ஊர் போயிருந்த எனக்கு அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள்ளும் ஒரு இரட்டை மெய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அப்போது கவனிக்கவில்லை.

மூன்று பேர் எண்ணிய மூட்டைகள்

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்ஜி. சாயங்காலங்களில் எனக்குக் குர்முகி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துகளுக்கு மேலே பிறை போல ஒரு சின்ன வளைவு வரும். அதன் பெயர் அத்தக். அடுத்து வரும் மெய்யை இரட்டித்துச் சொல் என்பதற்கான குறி. ‘அத்தக்’ என்று எழுதவே ஒரு அத்தக் வேண்டும். ‘தஸ்’ஸின் மேல் அதை வைத்தால் ‘தஸ்ஸ்’. ஏழு என்பதற்கான ‘ஸத்த்’ மேல் ஒன்று, எட்டு என்பதற்கான ‘அட்ட்’ மேல் ஒன்று. “நெடில் வந்தால் அத்தக் வராது, குறிலுக்குப் பிறகுதான் வரும்” என்றார் மாஸ்டர்ஜி. அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வரிக்குள் இவ்வளவு இருக்கும் என்று அப்போது தெரியாது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குளிர்காலச் சரக்கு அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தது. உல்லாஸ்நகரிலிருந்து ஒரு சிந்தி வியாபாரி கொள்முதலுக்கு வந்திருந்தார். மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. பிரிவினையில் வந்த சிந்திகளுக்காக 1949-இல் எழுந்த நகரம். அடிக்கல் நாட்டியவர் அன்றைக்குக் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. வியாபாரிக்கும் பீஜி வயதுதான் இருக்கும். குழந்தையாக இருந்தபோது சிந்துவிலிருந்து கப்பலில் வந்தவர். கிடங்கில் டஜன் கட்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுமை தூக்கிய பிகார்க்காரர் ஒவ்வொன்றையும் இறக்கி வைத்துச் சத்தமாக எண்ணினார். ஸ்டோர் பார்க்கும் பஞ்சாபிக்காரர் நோட்டில் கோடு போட்டபடி தன் கணக்கில் எண்ணினார். சிந்திக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் மடித்துத் தனக்குள் எண்ணினார். மூன்று பேருக்கும் நடுவில் நான் நின்றேன்.

நான்கு, ஐந்து, ஆறு வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவது மூட்டை தரையில் விழுந்தபோது மூன்று குரலும் ஒரே நேரத்தில் வந்தன. பிகார்க்காரர் ‘ஸாத்’ என்றார். பஞ்சாபிக்காரர் ‘ஸத்த்’ என்றார். சிந்திக்காரர் வாய்க்குள் ‘ஸத’ என்றார். எட்டாவது மூட்டை. ‘ஆட்’, ‘அட்ட்’, ‘அட’. (சிந்திக்காரரின் தகரத்தையும் டகரத்தையும் பத்து, பட்டு என்பதில் வரும் வல்லோசையில், ஆனால் இரட்டிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) ஒன்பது வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. பத்து வந்தது. பிகார்க்காரருக்கும் தஸ், பஞ்சாபிக்காரருக்கும் அதே தஸ். ஏழிலும் எட்டிலும் பிரிந்து போனவர்கள் பத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு அதன் மரச்சட்டத்தில் விரலால் தட்டித் தட்டி இந்த மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். ஸத்த் சொல்ல ஆகும் நேரமும் ஸாத் சொல்ல ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒன்றில் மெய் நீளுகிறது, உயிர் குறுகுகிறது. இன்னொன்றில் உயிர் நீளுகிறது, மெய் குறுகுகிறது. இரண்டும் ஒரே தட்டில் அடங்கின. ஸத மட்டும் அடங்கவில்லை. இரண்டு சின்னத் தட்டாக ஓடியது. படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது யாப்பிலக்கணம். தமிழ் வகுப்பில் அசை பிரித்தோமே, அதே கணக்கு. குறிலும் ஒற்றும் சேர்ந்தால் நேர். நெடிலும் ஒற்றும் சேர்ந்தால் அதுவும் நேர். இரண்டு குறில் இணைந்தால் நிரை. பஞ்சாபியும் பிகாரியும் வேறு வேறு ஓசையில் ஒரே நேரசையைச் சொல்கிறார்கள். சிந்தி நிரையசைக்கு மாறிவிட்டது. மாஸ்டர்ஜி சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. நெடிலுக்குப் பிறகு அத்தக் ஏன் வராது? இரண்டு பேர் சுமக்க வேண்டிய அளவுக்குப் பாரம் இல்லை, ஒருவர் சுமந்தால் போதும்.

எடை எங்கே போனது

இதன் பின்கதையைத் தேடிப் படித்ததில் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சமஸ்கிருதத்தின் ஸப்த, பிராகிருதத்திலும் பாளியிலும் ஸத்த ஆகிறது. பகரமும் தகரமும் சேர்ந்து நின்ற இடத்தில், பகரம் தன்னை விட்டுக்கொடுத்துத் தகரமாகிவிட்டது. ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இப்படியே அஷ்ட, அட்ட ஆயிற்று. ஹஸ்த, ஹத்த ஆயிற்று. கர்ம, கம்ம. கர்ண, கண்ண. துக்த, துத்த. புத்ர, புத்த. இந்த மாற்றம் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியது. அந்தக் காலத்தில் வடக்கில் பெரும்பாலும் இரட்டை மெய்தான் ஒலித்திருக்கிறது. பாளியில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. இரட்டை மெய்க்கு முன்னால் நெடில் இருந்தால் அது குறுகிவிடும். மார்க்க என்பது மக்க ஆனது அப்படித்தான். பாளிக்கும் சிங்களத்துக்கும் சேர்த்து உழைத்த வில்ஹெல்ம் கைகர் இதை வகுத்துச் சொன்னார். மாஸ்டர்ஜியின் ஒற்றை வரி அவ்வளவு பழையது.

பிறகு பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பஞ்சாபி மூதாதையரின் வீட்டை இடிக்காமல் அப்படியே குடியிருக்கிறது. ஸத்த், அட்ட், ஹத்த், கம்ம், கன்ன், துத்த் எல்லாம் அங்கே இன்னும் இரட்டைதான். இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் வங்காளியும் இரட்டையை ஒற்றையாக்கிவிட்டு, போன எடையை முன்னால் நிற்கும் உயிரின் தோளில் ஏற்றின. ஸாத், ஹாத், கான். சிந்தி இரட்டையை விட்டது, அதற்கு ஈடாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஸத, ஹத்து, கனு. (ஹத்துவின் தகரமும் ஒற்றைதான்.) ரால்ஃப் டர்னர் 1962-க்கும் 1966-க்கும் இடையில் வெளியிட்ட இந்தோ ஆரிய மொழிகளின் ஒப்பியல் அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஸப்த என்று தேடினால் ஒரே பத்தியில் இந்தக் குடும்பம் முழுவதும் வரிசையாக நிற்கும். லூதியானாக் கிடங்கில் நான் கேட்ட மூன்று குரலும் அதில் இருந்தன.

இதில் என்னை அதிகம் பிடித்து வைத்தது பத்துதான். தச என்பதில் முதலிலிருந்தே ஒற்றை மெய். இரட்டை இருந்ததே இல்லை. அதனால் இந்திக்கு உயிரை நீட்ட வேண்டிய கடன் இல்லை, அது தாஸ் ஆகவில்லை. பஞ்சாபிக்கும் காப்பாற்ற வேண்டிய இரட்டை இல்லை. ஆகவே இருவரும் தஸ். பீஜியின் ‘தஸ்ஸ்’ வேறு வழியில் வந்தது. காட்டுகிறான் என்ற பொருளில் வரும் தர்சயதி, பிராகிருதத்தில் தஸ்ஸேஇ ஆகி, பஞ்சாபியில் தஸ்ஸ். நம் ‘தரிசனம்’ இருக்கும் அதே வேர். எத்தனை ரொட்டி வேண்டும், எனக்குக் காட்டு மகனே என்றுதான் பீஜி கேட்டிருக்கிறார். பத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் நான் தவறவிட்ட அந்தச் சிறு நீளம், ரகரம் ஒன்று கரைந்த இடம்.

இந்தி முழுவதும் ஒரே சீராக மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஏழு ஸாத், ஆனால் இருபத்தேழு ஸத்தாயீஸ், எழுபது ஸத்தர். எட்டு ஆட், ஆனால் இருபத்தெட்டு அட்டாயீஸ். முப்பத்தாறு சத்தீஸ். நாம் தினமும் செய்தியில் கேட்கும் சத்தீஸ்கரில் அந்தப் பழைய இரட்டை குத்துக்கல் மாதிரி நிற்கிறது. கூட்டெண்ணுக்குள் போனதும் நெடில் குறுகுவது நமக்கும் பழக்கம்தான். ஏழு, எழுபது. ஆறு, அறுபது. இரண்டு குடும்பத்துக்கும் இதில் உறவு இல்லை, ஆனாலும் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. எண்களைத் தாண்டினாலும் அச்சா, பக்கா, குத்தா, பத்தர் என்று தரமான இந்தியிலேயே இரட்டைகள் நிறைய. பலர் சொல்லும் காரணம், தில்லிப் பேச்சு பஞ்சாபுக்கும் ஹரியாணாவுக்கும் பக்கத்து மண்ணில் முளைத்தது என்பது. லூதியானாவிலிருந்து தில்லிக்குப் பஸ்ஸில் வரும்போது கர்னால், பானிப்பட் பக்கம் டீ குடிக்க இறங்கினால் அது காதில் விழும். அங்கே ரோட்டி ‘ரோட்ட்டீ’ ஆகிறது, பேட்டா ‘பேட்ட்டா’ ஆகிறது. நெடிலுக்குப் பிறகும் இரட்டிக்கிறார்கள். மாஸ்டர்ஜியின் விதியை நாலு மணி நேரப் பயணத்தில் தாண்டிவிடலாம்.

வெண்ணெய்க்கு இந்தியில் இன்றைக்கு மக்கன். மதுரா, பிருந்தாவனத்துப் பிரஜ் மொழியில் மாக்கன், இதில் ககரம் ஒற்றை. மாக்கன் சோர் என்றால் வெண்ணெய் திருடும் கண்ணன். ஒரே சொல் மேற்கே இரட்டித்தும் கிழக்கே நீண்டும் இரண்டு உருவத்தில் இந்திக்குள்ளேயே வாழ்கிறது. திருடியவனின் பெயரும் அப்படித்தான். கிருஷ்ண, பிராகிருதத்தில் கண்ஹ. அங்கே அது உயிர் நீண்டு கான்ஹா ஆயிற்று, இங்கே மெய் இரட்டித்துக் கண்ணன் ஆயிற்று. ஆழ்வார் பாட்டில் கண்ணன் என்று வரும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ணகரத்தின் அழுத்தம் தனியாகக் கேட்கிறது.

சிந்தி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்றேன், அது முழு உண்மை இல்லை. ‘முன்னால்’ என்பதற்கு அந்த வியாபாரி சொன்ன சொல்லில் ககரம் விநோதமாக இருந்தது. காற்றை வெளியே விடாமல் தொண்டைக்குள் இழுத்து ஒரு ‘க’. அக்ர, அக்க ஆகி, அந்த இரட்டை மெல்லோசைக் ககரத்தின் அழுத்தம் சிந்தியில் இப்படி உள்ளிழுப்பாக மாறியிருக்கிறது. இதே டர்னர் 1924-லேயே இதை எழுதியிருக்கிறார். நீளமாக நிற்காமல் வேறு வடிவத்தில் தங்கிவிட்டது. வங்காளிகள் கதை இன்னொரு மாதிரி. பழைய இரட்டையை ஒற்றையாக்கி ஷாத் என்று சொல்கிறவர்கள், சமஸ்கிருதச் சொல்லை ஏட்டிலிருந்து எடுத்துப் படிக்கும்போது பத்ம என்பதைப் ‘பொத்தோ’ என்றும், விஸ்வாஸ் என்ற குடும்பப் பெயரைப் ‘பிஷ்ஷாஷ்’ என்றும் திரும்ப இரட்டிக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நடந்தது மறுபடியும் ஒருமுறை நடக்கிறது.

இவ்வளவு உறுதியான நீளத்தை எழுத்து மட்டும் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. குரு கிரந்த சாகிபில் அத்தக் போடும் வழக்கம் இல்லை என்று மாஸ்டர்ஜி சொன்னார், ஓதுகிறவர்களின் நாவில்தான் அது இருக்கிறது. பாகிஸ்தான் பஞ்சாபில் ஷாமுகி எழுத்தில் அதற்கான குறியைப் பெரும்பாலும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். அசோகர் கல்வெட்டுகளும் இப்படித்தான். அந்தப் பிராமி எழுத்தில் இரட்டை மெய்யை ஒற்றையாகத்தான் வெட்டினார்கள். மன்னரின் பெயர் ‘பியதஸி’ என்று இருக்கிறது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் எழுத்துகளைப் படித்துவிட்டார், ஆனால் பியதஸி யார் என்று தெரியவில்லை. அதே ஆண்டில் இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னூர், தீபவம்சம் என்ற பாளி நூலைக் கொண்டு அது அசோகர்தான் என்று காட்டினார். பாளியில் அந்தப் பெயர் பியதஸ்ஸி. அன்போடு பார்ப்பவன். கல் விட்டுவிட்ட ஸகரத்தை ஓலை வைத்திருந்தது. அந்தத் ‘தஸ்ஸி’யும் பீஜியின் ‘தஸ்ஸ்’ஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்த அன்று, நடுராத்திரி என்றும் பாராமல் லூதியானாவுக்குப் போன் போட நினைத்தேன். போடவில்லை, பீஜி தூங்கியிருப்பார்.

நம் காது

மேலே அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்ததற்கு வருகிறேன். லூதியானாவில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒரு குறை சொல்வார்கள். தமிழர்கள் எல்லா மெய்யையும் அழுத்துகிறார்கள் என்பார்கள். முகவரிக்கு இந்தியிலும் பஞ்சாபியிலும் ஒரு சொல் உண்டு. தகரம் வல்லோசை, ஆனால் ஒற்றை. அதையே இரட்டித்தால் இலை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லவும் அந்த முதல் சொல்தான் வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் ‘எனக்கு இலை இல்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சமைத்தது என்பதைச் சொல்லப்போனால் உறுதியானது என்று வந்தது. மிஞ்சியது என்றால் குழந்தை என்று வந்தது. திருத்திக்கொள்ள முயன்று தகரத்தைக் குறைத்தால், அது உடனே ‘அது, இது’வில் வரும் மெல்லிய தகரமாகி இன்னொரு சொல்லாகிவிடும்.

தமிழில் உயிர்களுக்கு நடுவே வல்லினம் ஒற்றையாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால்தான் வன்மையாக ஒலிக்கும். படம், பட்டம். அதை, அத்தை. பகல், பக்கம். நீளமும் வன்மையும் நமக்குச் சேர்ந்தே வரும், ஒன்றைவிட்டு ஒன்று வராது. இந்திக்காரருக்கும் பஞ்சாபிக்காரருக்கும் இவை இரண்டு தனித்தனிக் குமிழ்கள். குறுகிய வன்மை, நீண்ட வன்மை, குறுகிய மென்மை, நீண்ட மென்மை என்று நாலு மூலையிலும் அவர்களிடம் சொல் இருக்கிறது. நம்மிடம் இரண்டு மூலைதான். கதாயுதத்துக்குக் குறுகிய மெல்லோசைத் தகரம், மெத்தைக்கு அதையே நீட்டியது. நாம் இதை எழுதினால் ஒன்று கதா, இன்னொன்று கத்தா. படிக்கும் தமிழர் இரண்டாவதை வல்லோசையில்தான் படிப்பார். எழுத்தின் குறை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. நம் எழுத்து நம் மொழிக்கு அளவெடுத்துத் தைத்தது. என் நாக்கும் அதே அளவில் தைக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

சுனா என்றால் கேட்டான், சுன்னா என்றால் கேட்பது. இந்த இணையில் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை. னகரம், லகரம், மகரத்தில் தமிழுக்கும் சுத்தமான நீளம் மட்டுமே வித்தியாசம். வலி, வல்லி. ஆகவே காது இல்லாமல் இல்லை. வல்லினம் வந்தால் மட்டும் அது நீளத்தைக் கேட்காமல் வன்மையைக் கேட்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு பீஜியிடம் போய் முகவரிக்கான சொல்லை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையை மாவில் தொட்டு எடுத்தார், சொன்னார். அப்புறம் இலைக்கான சொல்லுக்குக் கையை மாவிலேயே ஒரு கணம் வைத்திருந்தார். தொட்டு எடு, வைத்து எடு. அவ்வளவுதான் பாடம். ஒரு மாதம் அப்படிச் சொல்லிப் பழகினேன். வந்துவிட்டது.

ஹத, அட

2016-இல் வேலை விஷயமாக இலங்கை போனேன். கட்டுநாயக்காவில் ஒரு தொழிற்சாலை. சாயங்காலம் வெளியே ஒரு அம்மாவின் கடையில் டீ குடித்துவிட்டு, வாழைப்பழம் எட்டு கேட்டேன். அவர் சிங்களத்தில் எண்ணிப் பையில் போட்டார். ஹத, அட. ஏழு, எட்டு. சிந்திக்காரர் எண்ணியது போலவே, இரட்டையும் இல்லை, நீட்டலும் இல்லை. துணைக்கண்டத்தின் வடமேற்கு மூலைக்கும் தெற்கே ஒரு தீவுக்கும் நடுவில் இத்தனை மொழிகள் இருக்க, இவை இரண்டும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது அந்த அம்மா ‘புதா’ என்றார். தகரம் வல்லோசை, தொட்டு எடுத்தது போல ஒற்றை. எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. மகனே. பஞ்சாபில் புத்தர், ராஜபுத்திரர் மண்ணில் ராஜ்பூத் என்பதற்குள் இருக்கும் பூத், இங்கே புதா. ஒன்றில் மெய் நீண்டது, ஒன்றில் உயிர் நீண்டது, ஒன்றில் எதுவும் நீளவில்லை. மூன்றிலும் அன்பு ஒரே அளவுதான்.

சிங்களம் நீளத்தையே மறந்துவிட்டதா என்றால் இல்லை. பழைய இரட்டைகளைக் குறைத்த பிறகு புதியவற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. நாய்க்கு அடிச்சொல் பலு. அதோடு ஆகாரம் சேர்ந்தபோது உகரம் தேய்ந்து பல்லா ஆனது. பூவுக்கு மல, பைக்கு மல்ல. அந்த அம்மா என் வாழைப்பழத்தைப் போட்டுக் கொடுத்தது மல்ல. காதுக்குக் கன, சாப்பிடுவதற்குக் கன்ன. கைக்கும் மரக்கிளைக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு தகரம்தான். அன்றைக்கு ராத்திரி பக்கத்து விகாரையில் பிரித் என்ற பௌத்தப் பாளி ஓதல் நடந்தது. ஒலிபெருக்கியில் ‘அட்டங்கிகோ மக்கோ’ என்று வந்தது. எட்டு அங்கங்கள் கொண்ட வழி. டகரமும் ககரமும் இரண்டும் இரட்டித்து, நிறுத்தி, நிதானமாக. கடையில் ‘அட’ என்று எண்ணும் அதே ஊர் மக்கள் விகாரையில் உட்கார்ந்து ‘அட்ட’வைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேச்சில் கரைந்ததை ஓதலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முடியும்வரை கேட்டேன்.

இப்போது திருப்பூரில் எங்கள் பேக்கிங் பிரிவில் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். ஒடியாக்காரன் எண்ணும்போது ‘ஸாதொ, ஆடொ’ என்று கடைசி உயிரையும் விடாமல் சொல்கிறான். வல்லோசையைக் குறைத்துச் சொல்ல அவனுக்குப் பாடம் தேவையில்லை, எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதமும் ஒரு வாணலி மாவும் ஆயின. பக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள் ‘ஏழு, எட்டு’ என்று எண்ணுகிறார்கள். நான் அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, எனக்குள் எண்ணிக்கொண்டு போகிறேன். ஆறு வரைக்கும் தமிழ். ஏழாவது பெட்டியில் கை வைக்கும்போது மட்டும் வாய் தானாக ‘ஸத்த்’ என்கிறது, கையும் அந்தப் பெட்டியின் மேல் ஒரு கணம் கூடத் தங்குகிறது.